சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

பொலிஸ் முற்றத்தில் ஒரு வருஷமாக மழையிலும் வெயிலிலும் கிடந்த மோட்டார் சைக்கிள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தது. புளத்கொகுபிட்டிய சந்தியிலிருந்து யாரோ ஒரு புண்ணியவானின் லொறியில் ஏற்றிவந்து ரோட்டில் இறக்கியிருந்தார்கள். அங்கிருந்து தோட்டத்து லயத்து வீடு வரைக்கும் துஷாந்தன் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தான். லயத்துச் சனம் வாசலுக்கு வாசல் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. செத்தவனின் வண்டியைத் தொட யாருக்கு மனசு வரும்.

டிலானி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரப்பர் மலையில் பால் வெட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். விரல்களில் காய்ந்துபோன பாலை உரித்து உரித்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, முன்பக்கத்து இஸ்தோப்புல வைக்கவா? வெளியில வச்சா மழை வந்துரும்."

"எங்கயாச்சும் வைங்க தம்பி. பொழுது சாயறதுக்குள்ள செஞ்சு எடுத்துக்கிட்டுப் போயிருங்க. அந்தக் குடிகாரனோட சாமான் ஒண்ணும் இங்க இருக்க வேணாம்."

குடிகாரன் என்று அவள் சொன்னது தன் புருஷன் சுஜனை. துஷாந்தனின் கூடப் பிறந்த அண்ணன். கல்யாணத்தன்று கோயிலில் கற்பூரத்தைத் தொட்டு, இனிமேல் சாராயத்தை முகர்ந்தும் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன். போன வருஷம் ஒரு பொழுதுபட்ட நேரம், பாலத்துக்கு மேலே உள்ள வளைவில் வண்டியோடு பள்ளத்தில் போனான். தூக்கியவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். சட்டை, பை, தலைமயிர், எல்லாம் சாராய நாற்றம்.

டிலானி அழவில்லை. அழுதால் மன்னித்த மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வருஷத் திவசத்துக்கு ஒரு விளக்குக்கூட ஏற்றவில்லை. அவன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருந்தாள். ஊர் சிரிக்கும்படி செத்தவனின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

துஷாந்தன் மாவனல்லையில் ஒரு கராஜில் வயரிங் வேலை செய்கிறவன். வேலைக்குப் போய்வர இந்த வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தான். குறடு, டேப், வயர்ச் சுருள், புது ஹேண்டில் சுவிட்ச் எல்லாவற்றையும் சாக்கில் பரப்பி வைத்தான். புது பெட்டரியை மட்டும் கடைசியில் மாட்டலாம் என்று, பிரிக்காத அட்டைப் பெட்டியோடு வாசற்படி ஓரம் வைத்தான்.

வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சப்ரகமுவ மலைகளில் மாசிக்குப் பிறகு தினமும் நடக்கிற கூத்துதான். மத்தியானம் மண்டையைப் பிளக்கும், பின்னேரம் இடி விழும். இடி விழுந்தால் லயத்துக்கு கரண்ட் போகும். போனால் எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது.

சுஜன் இருந்த காலத்தில் டிலானிக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இருட்டியதும் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வருவான். ஹேண்டிலை அடுப்புப் பக்கம் திருப்புவான். எஞ்சின் சத்தம் ஒன்றும் இல்லாமல் பெரிய லாம்பு பளிச்சென்று எரியும். வெளிச்சம் நேராக அடுப்பில் விழும். அதில்தான் அவள் ரொட்டி சுடுவாள். "எம்பொண்டாட்டிக்கு மட்டும் தனி கரண்டு" என்று அவன் கேலி செய்வான். அந்த ஞாபகம் வந்தபோது அவளுக்கு இப்போது எரிச்சல்தான் வந்தது. பாசாங்கு. எல்லாம் பாசாங்கு.

இஸ்தோப்பிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டிக். டிக். டிக்.

திரும்பும்போது போடுகிற சிக்னல் விளக்கின் சத்தம். டிலானிக்கு அது நன்றாகப் பழக்கம். வாசல் முடக்கில் அவன் திரும்பும்போது அந்தச் சத்தம் கேட்டதும் தேயிலைக்குத் தண்ணி வைப்பாள்.

"என்னா தம்பி, அதுக்குள்ள பெட்டரி மாட்டிட்டீங்களா?"

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். துஷாந்தன் வண்டியைத் தொடவில்லை. இரண்டு அடி தள்ளி, கையில் குறட்டோடு நின்றான்.

"இல்ல அண்ணி. இன்னும் மாட்டல."

டிக். டிக்.

பிறகு நின்றுவிட்டது. எலி எதையாவது தட்டியிருக்கும் என்று துஷாந்தன் சொன்னான். சொன்ன குரலில் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

முதல் இடி மலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கரண்ட் போனது. மழை தகரத்தில் கொட்டிய வேகத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராச் சத்தமெல்லாம் அமுங்கிப்போனது. மூன்று மணியோ நான்கு மணியோ, வீட்டுக்குள் கண் தெரியாத இருட்டு. டிலானி மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பைத் தேடிச் சுவர் ராக்கையில் கையை விட்டாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

சுட்ட வயர் வாடை. ஈர மண் வாடை. இரண்டுக்கும் அடியில், லேசாக, சாராயம்.

"வந்துட்டானா குடிச்சிட்டு," என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

சுவரில் வெளிச்சம் விழுந்தது.

மோட்டார் சைக்கிளின் பெரிய லாம்பு எரிந்தது. டாங்கி கழற்றி, சீட்டு கழற்றி, வயரெல்லாம் குடல் மாதிரி வெளியே தொங்கிய வண்டி. அதில் லாம்பு மட்டும் எரிந்தது. டிலானி வாசற்படியைப் பார்த்தாள். பெட்டரி அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

வெளிச்சம் முழுசாக இல்லை. நடுவில் ஏதோ மறைத்தது.

ஒரு கை.

விரித்த உள்ளங்கை, ஐந்து விரல், கண்ணாடியை அழுத்தி மூடின மாதிரி. வண்டிக்கு முன்னால் ஒருவரும் இல்லை. சுவரில் மட்டும் அந்தக் கையின் நிழல் ஆள் உயரத்துக்கு விழுந்திருந்தது. சுண்டு விரல் நுனி வளைந்திருந்தது. ரப்பர் கத்தி பட்டு வளைந்த விரல். அவள் மஞ்சள் வைத்துக் கட்டிய விரல்.

துஷாந்தன் பாய்ந்து வண்டியின் நடுவில், சீட்டு இருந்த இடத்துக்குக் கீழே கையை விட்டான். அங்கே ஒரு கறுப்புச் சுவிட்ச் இருந்தது. மேலே தட்டினான், கீழே தட்டினான். லாம்பு அணையவில்லை.

"அணைச்சிருண்ணே," என்று கெஞ்சினான். "அணைச்சிரு. புது சுவிட்ச் கொண்டாந்திருக்கேன். இன்னைக்கு ஹேண்டில்ல போட்டுர்றேன்."

டிலானி அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அது என்னா சுவிட்ச்?"

அவன் மறுபடியும் சுவிட்சைத் தட்டினான்.

"கேக்கிறேன்ல. லைட்டு சுவிட்ச் எதுக்கு சீட்டுக்கு அடியில இருக்கு?"

"எஞ்சின் ஓடாம லைட் எரியணும்னா பெட்டரியில இருந்து நேரா எடுக்கணும் அண்ணி. அவ்வளவு கரண்ட ஹேண்டில் சுவிட்ச் தாங்காது, உருகிரும். அதான் தற்காலிகமா அங்க போட்டேன். மாசக்கணக்கா தள்ளிப்போட்டு, கடைசியில அந்த ஞாயித்துக்கிழம வந்து ஒழுங்கா ஹேண்டிலுக்குக் கொண்டாறேன்னு சொன்னேன்." அவன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். "அவன் வெள்ளிக்கிழமயே போயிட்டான்."

டிலானிக்கு இன்னும் விளங்கவில்லை. அல்லது விளங்கக்கூடாது என்று பார்த்தாள்.

"வளைவுல கடை வச்சிருக்கிற றஊப் நானா பார்த்திருக்காரு. ஆமிக்காரனுக்குப் பயந்து என்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு," என்றான் துஷாந்தன். "அன்னைக்கித்தான் பாலத்துல புதுசா செக்பொயின்ட் போட்டிருந்தாங்க. லைட் ஓஃப் கரபன்னு, லைட்ட அணைன்னு, சிங்களத்துல கத்தியிருக்காங்க."

யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் அதைத் தெரியாதவர் யாரும் இல்லை. செக்பொயின்டைக் கண்டால் லைட்டை அணைக்க வேண்டும். தமிழனாக இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே அணைக்க வேண்டும். லைட்டை எரியவிட்டுக்கொண்டு வருகிறவனைப் பார்த்துத் துவக்கை நீட்டுவார்கள்.

"சாவிய மூடினாலும் அந்த லைட் அணையாது அண்ணி. இறங்கி, சீட்டத் தூக்கித்தான் அணைக்கணும். இறக்கத்துல அவன் என்னா செய்வான். ஒரு கையால லைட்ட பொத்தினானாம். ஒத்தக் கையால வளைவு எடுக்க முடியல."

"அப்ப குடிச்சிருந்தாருன்னு சொன்னது?"

"பையில போத்தல் உடைஞ்சிருச்சு. அது எனக்கு வாங்கினது. வயரிங் வேலைக்கு."

மழை கொட்டியது. சுவரில் கை அப்படியே இருந்தது.

டிலானி அவனை அறைந்தாள். அறைந்த கை வலித்தது.

"ஒரு வருஷம். ஒரு வருஷமா அவர நான் என்னா என்னாவெல்லாம் ஏசினேன். பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்த? ஏன்டா சொல்லல?"

"என்னால சொல்ல முடியல அண்ணி. சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவனுக்கு அந்த லைட் தேவையே இல்ல. எம்பொண்டாட்டி இருட்டுல சமைச்சு கையச் சுட்டுக்கிறா, கரண்ட் போனா வீட்டுக்கு லைட் வேணுமாம், அவதான் கேட்டான்னு வந்து நின்னான்."

அவள் கேட்டாள்தான். இந்த இஸ்தோப்பில், இதே இடத்தில் நின்று, இவ்வளவு பெரிய லாம்பு வச்சிருக்கீங்களே, சும்மா எரிஞ்சா என்னா என்று கேட்டாள். கேட்டபோது சிரித்தும் இருந்தாள்.

துஷாந்தன் குறட்டைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி ஓடினான். டிலானி அவனைத் தடுக்கவில்லை. அவனை வெறுக்கத்தான் பார்த்தாள். வெறுப்பு பாதி வழியில் திரும்பி அவளிடமே வந்து நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து, சுவரில் மாட்டியிருந்த படத்தைத் திருப்பினாள். முகத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"கைய எடுங்க," என்றாள் மெதுவாக. "வீட்டுக்கு வந்துட்டீங்க. இங்க யாரும் மறிக்க மாட்டாங்க."

நிழல் அசையவில்லை.

"எடுங்கன்னு சொல்றேன்ல. எவ்வளவு நேரந்தான் பொத்திக்கிட்டு நிப்பீங்க."

அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வருஷமாக அடக்கிய அழுகை, மூச்சு முட்ட வந்தது. அழுது முடித்ததும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது பெண்கள் செய்கிறதைச் செய்தாள். அடுப்படிக்குப் போய், இருட்டில் தடவி மா டின்னை எடுத்தாள். உப்பைத் தேடினாள். கை பட்டு டின் மூடி உருண்டு எங்கேயோ போனது.

பின்னால் ஹேண்டில் திரும்புகிற சத்தம் கேட்டது.

துருப்பிடித்த ஹேண்டில், மெதுவாக, அவள் பக்கம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கையின் நிழல் நகர்ந்து நகர்ந்து அடுப்படிக்கு வந்தது. அவள் முதுகில் ஏறி, தோளில் நின்றது. தோள் குளிர்ந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக விலகியது. சுண்டு விரல் கடைசியில்.

வெளிச்சம் நேராக அடுப்பில் விழுந்தது.

டிலானி மாவைப் பிசையத் தொடங்கினாள். வாசற்படி ஓரத்தில் பெட்டரிப் பெட்டி ஒட்டின டேப்போடு சாரலில் நனைந்துகொண்டிருந்தது.