ஃப்ரீசரில் வைத்த சாட்சி

மதியழகன் செத்துக் கிடந்தான்.

மண்டையின் பின்புறம் பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைக் கேடயம். 'விஞ்ஞானச் சிகரம் டாக்டர் வேதாசலம்' என்ற எழுத்துகளில் 'சிகரம்' மட்டும் ரத்தத்தில் மறைந்திருந்தது.

ஆம்பூர் பைபாஸில், பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ரத்தப் பரிசோதனை லேப். பெயர், சர்வதேச நோய் எதிர்ப்பு ஆராய்ச்சி மையம். வேலை செய்பவர்கள் மொத்தம் மூன்று பேர்.

இப்போது இரண்டு.

இன்ஸ்பெக்டர் முனவ்வர் பேகம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். பிணத்துக்காக அல்ல. காற்று தோல் பதனிடும் ஷாப்புப் பக்கமிருந்து வீசியது.

"ரெண்டுலேருந்து நாலுக்குள்ள செத்திருக்கார். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

டைரக்டர் வேதாசலம் கோட்டைச் சரிசெய்தார். மே மாதம்... கோட்டு.

"மெஷின் ரூம்ல, மேடம். கதவ சாத்திக்கிட்டு ஆராய்ச்சி. சாட்சி இதோ."

நீட்டிய காகிதத்தில் ஒரு வரைபடம். நடுவில் கோபுரம் மாதிரி ஒரு மேடு. மூலையில் மணி 3.10.

"இது இன்னா?"

"சிடி3 ஆன்டிபாடியோட வேலை. ரத்தத்துல நோயோட சண்டை போடற டி செல் இருக்கில்ல... அதோட தோல்ல சிடி3ன்னு ஒரு புரோட்டீன். இந்த ஆன்டிபாடி அதுல போய் ஒட்டிக்கும். லேசர் பட்டா ஒளிரும். இப்படி மேடு வரும். ஜெர்மனி சரக்கு. இந்த ஏரியாவுக்கே ஒரு பாட்டில்தான், அதுவும் எங்கிட்டதான்."

"அப்ப கொன்னது யாரு?"

வேதாசலத்தின் விரல் மூலைக்கு நீண்டது. அங்கே டெக்னீஷியன் சௌமியா, வெளுத்த முகத்தோடு.

"மத்தியானம் ரெண்டு பேருக்கும் சண்டை. கீழ பிரியாணிக் கடை வரைக்கும் கேட்டுது."

"இன்னாமா, சண்டையா?"

"ஆமா மேடம்."

"எதுக்கு?"

சௌமியா டைரக்டரைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"முழிய பாருங்க. இதுக்கு சொட்டு அளக்கற பைபெட் புடிக்கக் கத்துக்குடுத்ததே நான்தான். நன்றி கெட்டது."

அவர் கடைசியாக பைபெட்டைத் தொட்டது, தலையில் முடி இருந்த காலத்தில்.

"ஜீப்புல ஏறு," என்றார் முனவ்வர். "ஸ்டேஷன்ல வாய் வரும்."

கான்ஸ்டபிள் கையைப் பிடித்ததுமே வாய் வந்துவிட்டது.

"மேடம், அந்த கிராஃப் இன்னிக்கு வந்திருக்கவே முடியாது. ஆன்டிபாடி காலைலயே செத்துடுச்சி."

"உளர்றா," என்று சிரித்தார் வேதாசலம்.

"நாலு டிகிரில வெக்கணும் மேடம். உறையவே கூடாது. உறைஞ்சா அதுல இருக்கற சாயம் வீணாப்போய்டும், ஒளிராது. காலைல சாருக்குப் பொன்னாடை போத்த நாலு பேர் வந்தாங்க. போட்டோவுக்கு நின்னுகிட்டு, அவர் கையாலயே பாட்டில ஃப்ரீசர்ல வெச்சார். ஒசத்தியான சரக்குக்கு ஒசத்தியான குளிர் வேணும்னார். நான் எடுக்கறப்ப கல்லாட்டம் இருந்துச்சி."

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சாருக்கே பாடம் எடுத்த போன டெக்னீஷியன், இப்ப ஷூ கம்பெனில சோல் ஒட்றான்."

"அப்ப சண்டை?"

"பாட்டில் கெட்டத ரெஜிஸ்டர்ல எழுதுன்னார் மதி சார். டைரக்டர் பேர போட்டு எழுத மாட்டேன்னேன். கடைசில அவரே எழுதினார்."

ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிய ரெஜிஸ்டரை முனவ்வர் புரட்டினார்.

'மணி 12.40. டைரக்டர் ஃப்ரீசரில் வைத்ததால் சிடி3 ஆன்டிபாடி கெட்டுவிட்டது. பயன்படுத்தக் கூடாது.' கீழே மதியழகனின் கையெழுத்து.

டைரக்டர்கள் ரெஜிஸ்டர் படிப்பதில்லை.

"மெஷின ஓட்டிக் காட்டும்மா."

சௌமியா தன் ரத்தத்தையே எடுத்தாள். அதே பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு சேர்த்தாள். அரை மணி நேரம் இருட்டில் வைத்திருந்து மெஷினில் ஏற்றினாள்.

திரையில் கோபுரம் எழும்ப வேண்டிய இடம், மே மாதப் பாலாறு மாதிரி தட்டையாகக் கிடந்தது.

"வேற பாட்டில்..." என்று ஆரம்பித்தார் வேதாசலம்.

"ஏரியாவுக்கே ஒண்ணுதான்னீங்களே, டாக்டர்."

சௌமியா அந்தக் காகிதத்தை எடுத்தாள். "3.10, பிரிண்ட் போட்ட நேரம் மேடம். கிராஃப் பழசு. சார் எழுதின பதினோரு கட்டுரைலயும் இதே மேடுதான், புதுசா எதுவும் ஓட்டினதே இல்ல. அதத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற டெல்லி ஆபீஸுக்கு எழுதப் போறேன்னார் மதி சார்."

வேதாசலத்தின் கோட்டு வியர்வையில் நனைந்துவிட்டிருந்தது.

"வேணாம்டான்னு கெஞ்சினேன்... கேக்கல... கைக்கு எட்டின தூரத்துல கேடயம் இருந்துச்சி..."

கான்ஸ்டபிள் சௌமியாவின் கையை விட்டான். அவர் கையைப் பிடித்தான்.

"எனக்கு... ஏசி இல்லாம ஒத்துக்காது, மேடம்."

"பேஜாராவாதீங்க டாக்டர்," என்றார் முனவ்வர். "போறது வேலூர் ஜெயில். அந்த வெயில்ல எதுவும் உறையாது."