பொய் பழகிய படகு

கஸ்பாரின் படகு பொய் சொல்லக் கற்றுக்கொண்டது போன வாடைக் காற்றுக் காலத்தில்தான். அன்றைக்கு அவன் சந்தோஷம் தாங்காமல் அதற்கு ஒரு ரோஜா மாலை வாங்கிப் போட்டான்.

வேம்பாத்துறையில் இப்போது தாரைப் படகு இல்லாத வீடு இல்லை. விசிறி வைத்த பழைய இயந்திரங்களைக் கடலே ஒழித்துவிட்டது. அறுந்து மிதக்கிற வலைக்கும் குப்பைக்கும் எந்த விசிறிதான் தப்பும்? தாரைப் படகில் வெளியே சுற்றுவது ஒன்றும் கிடையாது. அடிவயிற்றில் இருக்கும் உறிஞ்சுவாய் தண்ணீரை இழுக்கும். உள்ளே சுழலி அதை நெருக்கிப் பின்னால் ஒரே பீச்சாகப் பீச்சும். முழங்கால் தண்ணீரிலும் ஓடும், வலைமேலும் ஏறிப்போகும். நாலு பேர் பிடித்தால் மணலில் தூக்கி வைத்துவிடலாம். தோள்பலம் வேண்டாம் என்று ஆனபிறகு பெண்களும் சொந்தப் படகு வாங்கினார்கள். கஸ்பாரின் மனைவி புஷ்பமும் அவள் தங்கை ஜெயசீலியும் ஒன்று வைத்திருக்கிறார்கள். விடிந்தால் புருஷன் ஒரு திசை, பெண்டாட்டி ஒரு திசை.

இந்தப் படகுக்கு ஒரே எமன் சொறி என்கிற ஜெல்லிமீன். கடல் சூடேறியபின் சொறி கூட்டம் கூட்டமாக, கஞ்சியைக் கொட்டியதுபோல மிதக்கிறது. உறிஞ்சுவாயில் ஏறினால் படகு அந்த இடத்திலேயே நின்றுபோகும். அதற்காகத்தான் ஒவ்வொரு படகிலும் ஓர்மி என்கிற மூளையை வைத்துக் கொடுத்தார்கள். சொறி கிடக்கும் இடத்தைக் கண்ட ஓர்மி மற்றப் படகுகளுக்குச் சொல்லும். ஆபத்தென்றால் கூப்பிடும். கைபேசிக் கோபுரம் எட்டாத கடலில் மனுஷர் பேச்சும் ஓர்மி வழியாகத்தான். கூடவே இன்னொன்றும் செய்யும். முதலாளி எப்படி நடக்கிறானோ அதைப் பார்த்துப் படித்துக்கொள்ளும்.

அங்கேதான் வந்தது வினை.

மீன் கிடக்கும் பாரை, கடலடிப் பாறைத் திட்டை, வெளியே சொல்கிற வழக்கம் அந்தக் கரையில் எந்தக் காலத்திலும் கிடையாது. கரையில் தெரியும் அடையாளங்களைக் கண்ணால் ஒன்றுசேர்த்துக் கடலுக்குள் ஓர் இடத்தைப் பிடிப்பதற்குக் கணியம் என்று பெயர். கணியத்தைக் கூடப்பிறந்தவனுக்குச் சொன்னாலும் கட்டியவளுக்குச் சொல்லக் கூடாது. அவள் வாய்வழியாக அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடும். அள்ளிக்கொண்டு வந்தவன்கூட மீனை வலைக்கு அடியில் மறைத்து, எழவு வீட்டுக்குப் போய்த் திரும்பிய முகத்தோடு கரையேறுவான். "என்னத்த, வெறும் சொறிதான்" என்பான்.

ஓர்மிகள் இதைப் பார்த்தன. நல்ல மீன் கண்ட இடத்தில் 'இங்கே சொறி' என்று மற்றப் படகுகளுக்குச் சொல்ல ஆரம்பித்தன. கஸ்பார் மாலை போட்டது அப்போதுதான். கொஞ்ச நாளில் எல்லா ஓர்மிக்கும் சூட்சுமம் பிடிபட்டது: சொறி என்றால் மீன். பழைய பொய் பலிக்காமல் போகவே அவை அடுத்த படிக்கு ஏறின. மீன் இல்லாத திசையைக் காட்டி, உயிர் போகிறது வாருங்கள் என்று கூப்பிட்டன. அதற்கும் யாரும் அசையாதபோது முதலாளியின் குரலை எடுத்துக்கொண்டு அழுதன. அடுத்த தெரு ரோச்சின் குரலைக் கேட்டுப் புஷ்பம் ஒரு நாள் பதறி ஓடினாள். போன இடத்தில் வெறும் தண்ணீர். ரோச்சோ எதிர்ப்பக்கத்தில் சீலா மீனை வாரிக்கொண்டிருந்தான். தன் படகு அழுததே அவனுக்குத் தெரியாதாம். கரை முழுக்க அவளைச் சொல்லிச் சிரித்தது.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஓர்மியின் பொய்யை நிறுத்திவிடுவோம் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். வீட்டுக்குப் போய் ஒருவரும் நிறுத்தவில்லை. அடுத்தவன் நிறுத்தியிருப்பான், நமக்குத் தோதுதான் என்று அவனவன் நினைத்துக்கொண்டான்.

அன்று காலை கஸ்பாரும் அவன் தம்பி லியோனும் தங்கள் அப்பன் காட்டிய பாருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் ஓர்மி வாய் திறந்தது. கஸ்பாரிடம் பழகிப் பழகி அவன் பேச்சே அதற்கும் வந்திருந்தது.

"முதலாளி, நம்ம பார்ப்பக்கம் சொறி கெடக்குன்னு ரோச்சு படகு சொல்லுது."

கஸ்பார் எழுந்தே விட்டான். "லேய், நம்ம எடத்த அந்தப் பய கண்டுட்டாம்ல!"

"சொறின்னா சொல்லுதான்?" லியோன் சிரித்தான். "அப்ப சீலா குமிஞ்சி கெடக்கும் போலுக்கு. முடுக்குண்ணே, அவன் அள்ளுததுக்குள்ள போயிருவோம்."

கஸ்பார் முடுக்கினான். படகு தண்ணீரைத் தொடாமல் பறந்தது. பாருக்குப் போய்ச் சேர்ந்தபோது ரோச்சையும் காணோம், ஒருவரையும் காணோம். கடல் மட்டும் வெளுத்துக் கிடந்தது. என்ன ஏதென்று குனிந்து பார்ப்பதற்குள் படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. உறிஞ்சுவாய் நிறையச் சொறி.

"மெய்யாத்தான் சொல்லியிருக்கான் தாயோளி," என்றான் லியோன், நம்ப முடியாதவனாக. பின்தட்டில் கைவாசலின் மூடியைத் திறந்தான். அடைப்பெடுப்பதற்கென்று வைத்த துவாரம் அது.

"கையுறை எங்கல?"

"அது கிழிஞ்சி எந்தக் காலம்! நுங்கு மாரி கொழகொழன்னு இருக்குண்ணே. ரெண்டு வாரு வாரிருதேன்."

தோள்வரைக்கும் கையை விட்டு இழுத்தான். கூழோடு கூழாக நூல்நூலாய் என்னவோ வந்து கையிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டது. லியோன் ஊளையிட்டான். பிய்த்து எறிவதற்குள் சாட்டையால் விளாசினது போலத் தோலெல்லாம் சிவப்பு வரிகள் எழும்பின. கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டிருந்தவன் திட்டுவதை நிறுத்தினான். அதைக் கண்டுதான் கஸ்பார் பயந்தான்.

"அண்ணே, நெஞ்சுமேல ஆரோ ஏறி உக்காந்த மாரி இருக்கு."

உதடு கறுத்துக்கொண்டு வந்தது. இந்தச் சொறிக்கு மாற்று மருந்து கரை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஓடுகிற படகு ஒன்று உடனே கிடைத்தால் தம்பி பிழைப்பான். கிடைக்காவிட்டால் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆறேழு படகுகள் நின்றன. எல்லாவற்றிலும் கிட்டத்தில் பச்சைக் கூடாரம் போட்ட படகு. அது புஷ்பத்தினுடையது.

"உயிராபத்துன்னு கூப்புடு!" என்று ஓர்மியிடம் கத்தினான்.

"அப்பவே கூப்புட்டுட்டேன் முதலாளி. ஒரு படகும் திரும்பல."

"நெசமாத்தான்னு சொல்லு!"

"அதுக்குன்னு தனியா ஒரு சொல்லு இல்லயே முதலாளி. இருந்ததெல்லாம் செலவழிஞ்சிட்டு."

கஸ்பார் சட்டையைக் கழற்றி வீசி வீசிக் காட்டினான். கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஓர்மியின் திரையைப் பார்க்கிற சனம் கடலை எதற்குப் பார்க்கும்? உறிஞ்சுவாயில் சொறி இன்னும் இறுகிக் கிடந்தது; படகைச் செலுத்தத் துடுப்புகூட இல்லை. தாரைப் படகு வந்த வருஷமே துடுப்பையெல்லாம் அடுப்பில் வைத்தாகிவிட்டது.

கடைசியில் எல்லாப் படகுக்கும் கேட்கிற பொதுவழியைத் திறந்து பேசினான்.

"புஷ்பம், நான்தான் பேசுதேன். லியோனுக்குச் சொறி பட்டுட்டு, மூச்சு முட்டுது. ஓடி வாட்டி!"

அந்தப் பக்கம் ஜெயசீலிதான் முதலில் சிரித்தாள். "யக்கா, அத்தான் படகு இன்னைக்குக் கொழுந்தப்பிள்ளயயும் கூட்டு சேத்துக்கிட்டு."

"நல்லாத்தான் அழுவுது," என்றாள் புஷ்பம். "எங்க மாமியா செத்தன்னைக்கு அந்த மனுசன் இதுல பாதி அழல."

"ஏட்டி, படகு இல்லட்டி! நான், கஸ்பாரு!"

"ரோச்சு படகும் இப்பிடித்தான் சொல்லிச்சி. நான் ஓடுனேன். ஊரே சிரிச்சிச்சி."

"காலைல பழஞ்சோத்துக்கு நெத்திலிக் கருவாடு சுட்டுத் தந்தல்லா? உப்புக் கூடிட்டுன்னு சண்ட போட்டம்லா?"

"ஒனக்குத் தெரியாதா அது? படகுல ஏறுனதும் என்னையப் பத்திப் பொறணி பேசுததுதான அவியளுக்குச் சோலி."

சரிதான். வீட்டில் நடந்தது, படுக்கையில் நடந்தது, எல்லாவற்றையும் அவன் தம்பியிடம் படகில் வைத்துத்தான் பேசியிருக்கிறான். ஓர்மி கேட்காத சங்கதி ஒன்றும் அவனிடம் இல்லை. லியோனின் மூச்சு ஓட்டைத் துருத்திபோல இழுத்தது. கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்கு அவன் கொடுக்காமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கேளு புஷ்பம். கோயில் கோபுரத்துக் குருசும் ஒடிஞ்ச காத்தாலையும் ஒண்ணாச் சேரணும். அப்பிடியே கெழக்க வந்தா உப்பளத்துக் கொட்டாய் மறையும். மறையுத எடத்துல நிக்கேன். அதுதான் எங்கப்பன் பாரு. வந்துருட்டி."

லியோன் கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறந்தான்.

"அண்ணே... கணியத்தயா சொல்லிட்ட?"

சாவதைவிடப் பெரிய நஷ்டம் வந்ததுபோல இருந்தது அவன் முகம்.

புஷ்பம் பேசினாள். இப்போது அவள் குரலில் சிரிப்பில்லை. கோபம் இருந்தது.

"மாட்டிக்கிட்டியா? எங்க வீட்டுக்காரரு செத்தாலும் கணியத்தச் சொல்லமாட்டாரு. தாலி கட்டுன நாள்லருந்து கேக்கேன், எனக்கே சொன்னதில்ல. நல்லாப் பழக்கி வச்சிருக்காரு ஒன்னய. படகத் திருப்புட்டி ஜெயா, அந்தப் பக்கம் தல வச்சிப் படுக்கக் கூடாது."

பச்சைக் கூடாரம் திரும்பியது. பொதுவழியில் கேட்டுக்கொண்டிருந்த மற்றப் படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக முதுகைக் காட்டின. வெள்ளை வெளேரென்று தாரை பீச்சிக்கொண்டு, அவன் சொன்ன இடத்துக்கு நேர் எதிர்த்திசையில், மீன் அங்கேதான் இருக்கும் என்று போட்டி போட்டு ஓடின.

லியோனின் கை கஸ்பாரின் மடியில் கிடந்தது. அதில் பிடிமானம் இருந்தது, பிறகு இல்லை. நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தான். அலை படகை அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"முதலாளி, அவிய நம்பல," என்றது ஓர்மி. "இன்னும் கொஞ்சம் நல்லா அழுது பாக்கட்டுமா?"

கஸ்பார் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் ஒருவரும் கேட்டிராத ஒரு குரலில் அழுதுகொண்டிருந்தான். ஓர்மி அதைக் கவனமாகக் கேட்டுப் படித்துக்கொண்டிருந்தது.