குறட்டை விட்ட டிரைவர் மாமா

குருவிக்கு இருப்பே கொள்ளவில்லை. அப்பாவின் சலூனில், மூலை நாற்காலியில் உட்கார்ந்து போனையே முறைத்துக்கொண்டிருந்தாள். இன்று அம்மா பேசுவாள்!

அம்மாவுக்குக் கப்பலில் சமையல் வேலை. கப்பல் கரையைத் தொட்டால்தான் பேச முடியும். மறுபடி நடுக்கடலுக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். அந்தக் குரலுக்காக இவள் வாரக்கணக்கில் ஏங்கிக் கிடக்க வேண்டும்.

"நீ முறைச்சா அது சீக்கிரம் அடிக்குமாடி?" என்று சிரித்தார் அப்பா. சொல்லிக்கொண்டே, முடிவெட்டும் நாற்காலியில் சாய்ந்திருந்த டிரைவர் மாமாவின் தலையைப் பிடித்துவிட்டார்.

அப்பா கை பட்டால் எவருக்கும் கண் சொக்கும். அந்த நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்காதவர்களே குறைவு. பஸ் ஓட்டிக் களைத்துவரும் டிரைவர் மாமாவைக் கேட்கவே வேண்டாம்.

"கொர்ர்ர்!"

"ஆரம்பிச்சுட்டாரு கச்சேரிய! பாவம், தூங்கட்டும்," என்று அப்பா கத்தரியைத் துடைக்கப் போனார்.

குருவி நிமிர்ந்தாள். மாமாவின் குறட்டை அவளுக்கு அத்துப்படி. இழுத்தும் விட்டும் ஒரே சீராக வரும். இன்றோ ஒரு 'கொர்ர்' வந்ததோடு சரி. அவள் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. மாமாவின் உதடு வேறு நீலமாக இருந்தது.

ஓடிப்போய் அவரை உலுக்கினாள். அவர் கை தொப்பென்று தொங்கியது.

"தூங்குற மனுஷன ஏண்டி..."

"அப்பா, இது தூக்கமே இல்லப்பா!"

அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தண்ணி தெளிக்கட்டுமா?" என்று தடுமாறினார். அதற்குள் குருவி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, கடை இருக்கும் இடத்தைச் சொல்லி, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள்.

"எப்பவாச்சும்தான் குறட்டை மாதிரி வருதுக்கா. கூப்பிட்டாலும் எழுந்திரிக்கல."

"அது குறட்டை இல்லம்மா, இதயம் நின்னிருக்கு," என்றாள் போனில் பேசிய அக்கா. "தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, பலமா, வேகமா அழுத்துங்க. நிறுத்தவே கூடாது."

இருவரும் மாமாவைக் கீழே இழுத்துப் படுக்க வைத்தார்கள். அப்பா பூப்போல அழுத்தினார்.

"தலைய அமுக்குற மாதிரி இல்லப்பா! பலமா! ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு..."

அப்போதுதான் போன் திரையில் அந்தப் பெயர் மின்னியது.

அம்மா.

ஒரே ஒரு தடவை தொட்டால் போதும், அம்மா பேசுவாள். ஆனால் ஆம்புலன்ஸ் அக்காவின் குரல் நின்றுவிடும். அப்பாவும் பார்த்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது, கை மட்டும் நிற்கவில்லை.

"ஒண்ணு, ரெண்டு," என்று குருவி அழுதுகொண்டே எண்ணினாள். திரையிலிருந்து அம்மா மறைந்துபோனாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் மாமாவின் நெஞ்சில் கருவியை ஒட்டி மின்சாரம் கொடுத்தார்கள். "துடிப்பு வந்துடுச்சு!" என்று ஒருவர் கத்தினார்.

குருவி அம்மாவைத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். லைன் கிடைக்கவில்லை. அம்மாவின் கப்பல் கிளம்பிவிட்டது. அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டிரைவர் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த அழைப்பு வந்தது.

"அன்னிக்கு ஏண்டி எடுக்கல? நான் எவ்வளவு தவிச்சுப் போயிட்டேன் தெரியுமா?"

குருவி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

"அம்மா? கேக்குதா?"

"கேக்குதுடி தங்கம்," என்று மூக்கை உறிஞ்சினாள் அம்மா. "உன்னைக் கட்டிக்கணும் போல இருக்கு."

"எனக்கும்தான்மா," என்றாள் குருவி. போனை இன்னும் இறுக்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இன்னிக்கு நான் வைக்கவே மாட்டேன். நீ பேசிட்டே இரு."