மரத்தில் எத்தனை ஆள்

திரையின் மூலையில் ‘ஆட்கள்: 2’ என்று காட்டியது. மரத்தில் இருந்ததோ ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் கோகிலவாணியின் புருஷன் அப்பாசாமி. வாசலுக்கு எதிரே மிளகுக்கொடி படர்ந்து நிற்கிற சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு, காலையில் அவன் மிளகு பறிக்க ஏறியதைப் போனில் படம் பிடித்து லேப்டாப்பில் போட்டிருந்தாள். புது மென்பொருள் அவன் உடம்பின் மேல் பச்சைக் கோடுகளால் ஓர் எலும்புக்கூட்டை வரைந்திருந்தது. தோள், முழங்கை, இடுப்பு, முட்டி எல்லாம் கச்சிதம். கூடவே, வேர்ப்பக்கத்தில் சிவப்பாக இன்னொன்றையும் வரைந்து வைத்திருந்தது. குத்தவைத்து உட்கார்ந்த மாதிரி.

“கேக்கற காசுக்கு இதுக்கு இவ்வளவு புத்திதான்” என்று முனகிக்கொண்டாள்.

அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நாமக்கல்லில் இருக்கிற சிநேகிதி கலைச்செல்வியும் இவளுமாகச் சேர்ந்து ஒரு கேம் செய்கிறார்கள். மரமும் பாறையும் ஏறுகிற ஒரு நாயகன். ஆளை வரைந்தாயிற்று, உள்ளே எலும்பு வைத்து நடமாட விட ஒரு மென்பொருள்தான் வேண்டும். பெரிய கம்பெனிகள் வைத்திருப்பதன் வாடகையைக் கேட்டபோதே தலை சுற்றியது. இலவசமாகக் கிடைத்ததிலோ ஒவ்வோர் எலும்பையும் கையால் வைக்க வேண்டும்; முக்கி முக்கி வைத்து முடித்தால், நாயகன் சாராயக் கடையிலிருந்து வருகிறவன் மாதிரி நடந்தான். கடைசியில் அகப்பட்டது இது. கையைக் கடிக்காத விலை; வாங்குமுன் சில நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். வீடியோவைக் காட்டினால் போதும், எலும்பைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். செய்தவர்கள் யார், எந்த ஊர் என்று மட்டும் எங்கேயும் போடவில்லை.

கேம் விலைபோனால் அப்பாசாமி இனி மரம் ஏற வேண்டியதில்லை. அவ்வளவுதான் அவள் ஆசை. மழைக்குப் பாசி பிடித்த மூங்கிலில் அவன் கால் வைக்கும்போதெல்லாம் ‘வழுக்குமுங்க, பாத்து’ என்பாள். அவன் சிரிப்பான், பாவி.

கேமை வாங்க வந்தவர், நாயகன் மரம் ஏறுவதைச் சாயங்காலத்துக்குள் பார்க்க வேண்டும் என்றிருந்தார். சாப்பாடு முடிந்து அப்பாசாமி எழுந்தபோது அவளும் கூடவே எழுந்தாள்.

“ஏனுங்க, இன்னொருக்கா படம் எடுக்கோணுங்க. போனை வேலியில கட்டி வெக்கறேன். மெதுவா ஏறுங்க.”

“எடு கண்ணு. உன்ற கேம்காரப் பயல்ட்ட கூலி வாங்கிக் குடுத்துரு.”

பகலிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. பலா மரங்கள் போயின, வேலி போயிற்று, எதிரே இருந்த மரமும் வெளுத்த கோடாகிவிட்டது. ஜன்னலோரம் லேப்டாப்போடு உட்கார்ந்தவளுக்கு மூங்கில் கிறீச்சிடுவதும், கொடி இழுபடுவதும், ஈர இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவதும் கேட்டன. பச்சை மிளகின் காரவாடை ஜன்னல் கம்பி வழியாக வந்து மூக்கில் ஏறியது. வேலியிலிருந்த போன் காட்டியதெல்லாம் உடனுக்குடன் திரையில் வந்தது.

பச்சை எலும்புக்கூடு ஏறியது. ‘ஆட்கள்: 2.’

சிவப்பு இப்போது வேர்ப்பக்கத்தில் இல்லை. ஏணியின் பாதியில் இருந்தது. கால் மேலே, தலை கீழே.

எட்டிப் பார்த்தாள். பனிக்குள் அப்பாசாமி மட்டும் மங்கலாகத் தெரிந்தான். கலைச்செல்விக்குப் போன் போட வழியில்லை, அதுதான் வேலியில் கிடக்கிறதே, லேப்டாப்பிலேயே கூப்பிட்டாள்.

“கலை, ரெண்டு ஆளுன்னு காட்டுதுடி.”

“நிழலப் பாத்துருக்கும்டி. எல்லா சாப்ட்வேர்லயும் இப்படி வரும். ரெண்டையும் ஒண்ணாக்க ஒரு பட்டன் இருக்கும், அமுக்கி உடு. வாங்க வந்தவரு காத்துட்டு இருக்காருடி.”

பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. மூடுபனியில் ஏது நிழல்?

“ஏனுங்க!” என்று கத்தினாள். “மேல உங்க கூட யாராச்சும் இருக்காங்களா?”

“நான் ஒருத்தன் ஏறுனதுக்கே மரம் அழுவுது, போ கண்ணு!”

அந்தச் சிரிப்பில் அவளுக்கு மூச்சு வந்தது. தன்னைத் தானே திட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். அவன் ஏறினால் சிவப்பும் ஏறியது. அவன் நின்றால் அதுவும் நின்றது. அதன் பாதம் அவன் குதிகாலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சீ, கோளாறு பிடித்த மிஷின்.

‘ஒன்றாக்கு’ பட்டனை அமுக்கினாள்.

பச்சை அணைந்தது. சிவப்பு மட்டும் நின்றது. ‘ஆட்கள்: 1.’ பக்கத்துக் கட்டத்தில் நாயகன் ஏறினான். அடடா, என்ன ஏற்றம்! ஒரு நடுக்கமில்லை, ஒரு வெட்டில்லை. எந்த மென்பொருளிலும் அவள் இப்படியோர் அசைவைப் பார்த்ததில்லை. இதையே வாங்கிவிடுவது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தாள். சந்தோஷத்தில் கண் கலங்கியது.

நாயகன் நின்றான்.

கழுத்தைத் திருப்பினான். உடம்பையும் திருப்பினான். தலை கீழே வந்தது.

வெளியே மூங்கில் சத்தம் இல்லை. கொடிச் சத்தம் இல்லை. பட்டையை நகத்தால் பிறாண்டுகிற சத்தம் மட்டும்.

“ஏனுங்க?”

சாக்குப்பை விழுந்தது. மிளகு தரையெல்லாம் சிதறியது.

வாசலுக்கு ஓடினாள். அப்பாசாமி இறங்கிக்கொண்டிருந்தான். ஏணியைத் தொடவில்லை. மரத்தில் உள்ளங்கைகளைப் பதித்து, தலைகீழாக. சட்டை நெஞ்சுக்குச் சரிந்திருந்தது. தரைக்கு வந்தான். வேர்ப்பக்கத்தில் குத்தவைத்தான். அவளைப் பார்த்தான்.

அது அவன் பார்வை இல்லை.

அப்போது மேலே, ஆளில்லாத உச்சியில், பனிக்குள்ளிருந்து அப்பாசாமியின் குரல் வந்தது.

“கண்ணு, ஒண்ணுமே தெரியல. எறங்கறேன். ஏணியக் கெட்டியாப் புடிச்சுக்கோ.”

மேலே மூங்கில் கிறீச்சிட்டது. ஒரு படி. இன்னொரு படி. படிகளில் யாரும் இல்லை.

“புடிச்சுட்டியா கண்ணு?”

அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

வேர்ப்பக்கத்தில் இருந்த அது, அவன் பற்களைக் காட்டிச் சிரித்தது. அவன் கைகள் இரண்டையும் நீட்டி ஏணியைப் பிடித்தது. அவள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், மெல்ல ஆட்டத் தொடங்கியது.