உயிரோடிருந்தவர்களில் மூத்தவன்

கைக்குழந்தையின் ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் காலை, குழந்தைகள் அறைக்கு வந்த தட்டில் பியர்ஸின் முட்டை இல்லை.

அவன் அம்மா ஹெஸ்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடு நிறைய விருந்தாளிகள் வந்து போயிருந்தார்கள். சமையலறையில் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். மணியை அடித்தாள். வீட்டுச் சாவிகளை முப்பது வருடமாக இடுப்பில் சுமக்கும் மிஸஸ் டேன்ஸ்லி வந்து நின்றாள்.

"மறந்துபோச்சு சீமாட்டி, மன்னிச்சுக்கணும்."

சொன்னபோது அவள் ஆறு வயதுப் பையன் பக்கம் திரும்பவே இல்லை. தொட்டிலில் கிடந்த கைக்குழந்தை ஹியூபர்ட்டைப் பார்த்தே சொன்னாள்.

அதற்கடுத்த நாள் பியர்ஸின் கம்பளிக் கோட்டைக் காணவில்லை. நார்தம்பர்லாந்தில் டிசம்பர் மாதம். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி படிந்திருந்தது. ஹெஸ்டர் தேடியபோது மாடியின் பழைய பெட்டியொன்றில் அது கிடைத்தது. துவைத்து, மடித்து, மெல்லிய தாளில் சுற்றி, கற்பூரம் வைத்திருந்தார்கள். இனி உடுத்த ஆளில்லாத துணியைத்தான் அப்படி எடுத்து வைப்பார்கள். தாளைப் பிரித்தபோது எழுந்த வாசனை நாள் முழுக்க அவள் விரல்களை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் தோட்டத்தில் தம்பியின் தள்ளுவண்டியைப் பியர்ஸ் பிடித்துக்கொண்டு நடந்தான். வழியில் நின்ற வயதான தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றி வண்டிக்குள் குனிந்தார்.

"ரூக்லி பிரபுவுக்கு என் வணக்கம்."

ஆல்ட்மோர் பிரபுவான அவள் கணவனின் மூத்த மகனுக்கு மட்டும் உரிய பெயர் அது. பிறந்த நாளிலிருந்து பியர்ஸைத்தான் அப்படி அழைத்தார்கள்.

"அம்மா, அது என் பேருதானே?" என்றான் பியர்ஸ்.

"உன் பேருதான் கண்ணு. தாத்தாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலை."

தோட்டக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பது ஹெஸ்டருக்குத் தெரியும். காலையில்தான் நூறடி தூரத்திலிருந்த முயலைச் சுட்டிருந்தார்.

அன்று மதியம் அவள் நூலகத்துக்குப் போனாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. லீட்ஸ் நகரத்து வைத்தியர் மகள் அவள். கல்யாணமான புதிதில் இந்தப் பட்டம், முறை, வரிசை எல்லாம் அவளுக்குத் தலை சுற்றும். அப்போது கணவன் ஆம்ப்ரோஸ் சிரித்தபடி எடுத்துக் கொடுத்த புத்தகம் ஒன்று உண்டு. தேசத்துப் பிரபு வம்சங்கள் எல்லாம் அச்சிடப்பட்ட, சிவப்பு அட்டை போட்ட கனமான புத்தகம். ஆல்ட்மோர் பக்கத்தில் அன்று அவள் பார்த்தது கடைசி வரியை மட்டும்தான். அதில் அவள் பெயர் இருந்தது.

இன்று முதலிலிருந்து படித்தாள்.

முதல் பிரபு, அரசர் கையால் பட்டம் பெற்றவர். இரண்டாம் பிரபு, 'உயிரோடிருந்த மகன்களில் மூத்தவர்'. மூன்றாம் பிரபு, உயிரோடிருந்த மகன்களில் மூத்தவர். நான்காம் பிரபுவுக்கும் அதே சொற்கள். ஐந்தாமவருக்கும். விரல் வரிவரியாகக் கீழே இறங்கியது. இந்த வீட்டில் இருநூறு வருடமாக மூத்த பையன் ஒருவன்கூடப் பட்டத்துக்கு வந்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் இரண்டாவதாகப் பிறந்தவர்கள். மூத்தவர்கள் பெயர் சிறிய எழுத்தில், அடைப்புக்குறிக்குள் இருந்தது. எல்லோரும் ஆறு, ஏழு வயதில் இறந்திருந்தார்கள். தம்பிக்கு ஞானஸ்நானம் ஆன அதே மாதத்தில்.

எட்டாம் பிரபு, ஆம்ப்ரோஸ். உயிரோடிருந்த மகன்களில் மூத்தவர். அடைப்புக்குறிக்குள்: கைல்ஸ்.

நான் ஒத்தப் பிள்ளை என்று சொல்லித்தான் ஆம்ப்ரோஸ் அவளைக் கட்டினான்.

அவள் நேராகக் கார் நிற்கும் கொட்டிலுக்குப் போனாள். ஐந்து மணி ரயிலுக்குக் கார் வேண்டும், தானும் இரண்டு பிள்ளைகளும் லீட்ஸுக்குப் போகிறோம் என்றாள். டிரைவர் எழுந்து நின்றான்.

"வண்டி இன்னிக்கு வெளியே போகக் கூடாதுன்னு பிரபு சொல்லியிருக்காரு சீமாட்டி."

"எப்பச் சொன்னாரு?"

"போன வாரம்."

வீட்டுக்குள் திரும்பியபோது நான்கு மணி ஆகவில்லை. அதற்குள் வெளியே இருட்டிவிட்டது. தாழ்வாரத்தில் இன்னும் விளக்கு ஏற்றியிருக்கவில்லை. ஈரக் கல்லின் வாசனையும் அணைந்த மெழுகின் வாசனையும் கலந்து, வீட்டை ஒட்டிய தேவாலயப் பக்கமிருந்து தரையோடு தரையாக வந்தது. மாடியில் குழந்தைகள் அறையில் பியர்ஸ் மரக்குதிரையில் ஆடிக்கொண்டிருந்தான். கிரீச், டொக். கிரீச், டொக். அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. மாடிப்படியில் கால் வைத்தாள்.

"ஹெஸ்டர்." சிறிய அறையின் கதவு திறந்திருந்தது. ஆம்ப்ரோஸ் கணப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தான். "வா. கொஞ்சம் பேசணும்."

"கைல்ஸ் யாரு?"

அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை. களைப்புதான் இருந்தது. "உள்ளே வந்து கதவைச் சாத்து. சொல்றேன்."

அவள் போனாள். மேலே மரக்குதிரை ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணன்," என்றான். "அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. நான் தொட்டில்ல இருந்தேன்."

"எப்படிச் செத்தான்?"

"செத்தான்னு யாரு சொன்னா?"

"புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்துல ஏதாவது போட்டாகணுமே." அவன் ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான். "ராஜா பட்டம் கொடுத்த பத்திரத்துல, 'இவருக்கும் இவரோட உடல்வழி வாரிசுகளுக்கும்'னு எழுதியிருக்கு. எல்லா வீட்டுப் பத்திரத்துலயும் அதே வார்த்தைதான். எங்க முதல் பிரபு மட்டும் அதை அப்படியே எடுத்துக்கிட்டாரு."

"அப்படியேன்னா?"

"வாரிசோட உடலையே கேட்டாரு," என்றான். நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஆறு வருடத்தில் இவன் பியர்ஸை ஒரு தடவைகூட மடியில் வைத்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பையன்' என்பான். 'பையன் சாப்பிட்டானா?' பிரபு வீட்டு ஆண்கள் அப்படித்தான் போலும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அவன் பாசம் வைக்காமல் இருக்கப் பழகியிருக்கிறான்.

"தெரிஞ்சேதான் என்னைக் கட்டினீங்களா?"

"உங்க அப்பா வீட்டுல எத்தனை பிள்ளைங்கன்னு முதல் நாளே கேட்டேன், ஞாபகம் இருக்கா? அஞ்சு பையனுங்கன்னு நீ பெருமையாச் சொன்ன." அவன் குரல் உடைந்தது. "உனக்கு ஒருத்தன் மிஞ்சுவான் ஹெஸ்டர். எங்க அம்மா அதை வெச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டாங்க."

"பியர்ஸை நான் கொடுக்க மாட்டேன்."

"தெரியும். அதான் உன்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்."

அவளுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது.

மேலே சத்தம் இல்லை.

எப்போது நின்றது? தெரியவில்லை. தேநீர் ஊற்றியபோதா. அதற்கும் முன்பா.

"நீ மனுஷனாடா?" என்றாள். கோப்பை உருண்டது. ஓடினாள்.

குழந்தைகள் அறையில் விளக்கு எரிந்தது. தொட்டிலில் ஹியூபர்ட் தூங்கினான். பியர்ஸின் கட்டில் இருந்த இடத்தில் வெறும் தரை. துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. மிஸஸ் டேன்ஸ்லி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

"பியர்ஸ் எங்கே?"

"யாரு சீமாட்டி?"

அந்த முகத்தில் துளி சலனம் இல்லை. ஆனால் அவள் பாவாடை ஓரத்தில் மெழுகு சொட்டி வெள்ளையாக உறைந்திருந்தது.

படிகள். தாழ்வாரம். தேவாலயக் கதவு திறந்தே கிடந்தது. பீடத்துக்குப் பின்னால் கல்லறைக்கு இறங்கும் இரும்புக் கதவு. அதைத் தொட்டாள். சத்தமின்றித் திறந்தது. கீலில் புது எண்ணெய்.

பதினோரு படிகள். கீழே ஒரே ஒரு மெழுகுவத்தி.

சுவரோரம் நீளமான கல் இருக்கை. அதில் வரிசையாகப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேர். எல்லோரும் ஒரே உயரம். கால்கள் தரையைத் தொடவில்லை. முதலாமவனின் கோட்டில் சரிகை கறுத்துப்போயிருந்தது. அடுத்தவன் வெல்வெட் மட்கித் தொங்கியது. ஏழாவது பையன் மாலுமிச் சட்டை போட்டிருந்தான். அவனுக்கு ஆம்ப்ரோஸின் நெற்றி, ஆம்ப்ரோஸின் மூக்கு. ஒருவர் மேலும் தூசி இல்லை. ஒருவர் மார்பும் அசையவில்லை.

கடைசியில் சாம்பல் நிற ஸ்வெட்டர். அவள் பின்னியது. தலையை நனைத்து வாரியிருந்தார்கள். தலை குனிந்திருந்தது.

"பியர்ஸ்," என்றாள்.

எட்டுத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. எட்டு வாய்களும் ஒன்றாகத் திறந்தன.

"அம்மா."

ஒரே குரல். தொண்டை வறண்ட, மிக வயதான ஒரு கிழவனின் குரல்.