தார்ன்மியர் முற்றுகை

நீதிமன்றத்து முற்றுகைப்பொறி ஓய்ந்தபோது தார்ன்மியர் கோட்டை கைமாறிவிட்டிருந்தது. கருணைநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இங்கிலாந்தில் அப்போது கோட்டை வழக்குகளெல்லாம் இப்படித்தான் தீர்ந்தன. நார்மன் பிரபு கட்டியதை மன்னர் பிடுங்கினார். மன்னரிடமிருந்து அவர் மைத்துனன் பிடுங்கினான். பிறகு யார் யாரோ. இதில் எவனுடைய பத்திரத்தை நம்புவதாம்? காக்கத் தெரிந்தவனுக்கே கோட்டை என்று சட்டம் பழைய வழிக்கே திரும்பிவிட்டது. ரத்தம் மட்டும் சிந்தக் கூடாது. மதில், கிணறு, களஞ்சியம், உள்ளே குடியிருப்போரின் மனப்படிகள், அதாவது அவர்களைப் போலவே நினைத்து நடக்கும் மூளைப் பிரதிகள், எல்லாவற்றையும் பொறிக்குள் போட்டு முற்றுகையிட்டுப் பார்ப்பார்கள்.

கருணைநாதன் லண்டனில் பலசரக்குக் கடைகள் நடத்தி, அந்தக் கோட்டையை வாங்கியவர். யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீட்டை யாரோ பிடித்துக்கொண்டார்கள். இதையாவது எவனும் பறிக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தார். வழக்குப் போட்ட ரோலண்ட், பழைய பிரபுவின் வாரிசு. அவனுடைய படையால் மதிலில் ஒரு கீறல்கூடப் போட முடியவில்லை. கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டது கருணைநாதனின் மனைவி யோகராணியின் மனப்படி.

"ஏன் திறந்தனீர்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பொறிக்குள்ள இருந்தது நானோ? சாப்பாடு முடிஞ்சு, உங்கட பங்கையும் எனக்குத் தந்துபோட்டு நீங்கள் பட்டினி கிடந்தனீங்களாம். அதைப் பாத்துக்கொண்டு இருப்பனோ?"

மேல்முறையீட்டுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது; அது முடியும்வரை கோட்டையிலேயே குடியிருக்கலாம். குடியிருப்போரை மாற்றலாம். ஆனால் பெயருக்கு மாற்றினால் செல்லாது. உண்மையாகவே வெளியேற வேண்டும். மிஞ்சியவர்களிடமிருந்து புதிய மனப்படி எடுப்பார்கள்.

"கொஞ்ச நாளைக்குத்தான். தங்கச்சி வீட்டில நில்லும்" என்றார் கருணைநாதன்.

"பொறிக்குள்ள இருந்த மனுசன் பசி கிடந்து எனக்குச் சோறு தந்தவர். நீங்கள் வெளியில போகச் சொல்றியள்."

யோகராணி அழவில்லை. பெட்டியை அடுக்கிக்கொண்டு போய்விட்டார். கருணைநாதன் திரும்பக் கூப்பிடவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அத்தனை பெரிய கோட்டையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டார்.

இரண்டாவது முற்றுகையன்று முன்வரிசையில் தெம்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். திரையில் களஞ்சியம் நிரம்பி வழிந்தது. கதவைத் திறந்துவிட ஆள் இல்லை. ரோலண்டின் படை இன்னும் கூடாரம்கூட அடித்து முடிக்கவில்லை.

அவருடைய மனப்படி மெல்லப் படியிறங்கி வந்தது. தாழ்ப்பாளை நீக்கியது. எதிரே ஈட்டியோடு நின்ற படைவீரனைப் பார்த்து, "உள்ளுக்கு வாரும், தம்பி. இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றது.