விழுந்த பக்கத்துத் தந்தம்

ஈவர் ஹோல்ம் வந்து இறங்கியபோது வெட்சன் ஷாவா தேன்பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அவரிடம் தேனீக்கள்கூடப் பொய் சொல்லாது என்பார்கள் முலேசி ஊரில். சொல்லிப் பார்த்த ஒரு தேனீ, விசாரணையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகவும் கேள்வி.

முசோண்டா தன் பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். அந்த வண்டியின் தரைத்தகட்டில் ஓர் ஓட்டை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வழியாக ஓர் ஆடு ஏறி, அடுத்த சந்தையில் இறங்கிப் போயிருக்கிறது. வண்டிக்கூலி கொடுக்கவில்லை. துப்பு என்றால் முசோண்டாவுக்கு உயிர். ஷாவா எங்கே விசாரிக்கப் போனாலும் ஓட்டிப்போவது அவள்தான். அவர் ந்கோனி, அவள் பெம்பா. இரண்டு குலத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து கேலி முறை. திட்டாமல் பேசினால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம்.

"மாமா, வெள்ளைக்காரர் ஒருத்தர் வர்றார். எழவு வீட்டுக்குப் போற முகம். எலிக்கறிச் சட்டியை மூடி வை."

"நீ குரங்குக்கறி வாடையோட கிட்ட வராத. பாவம், ஏற்கெனவே நொந்திருக்கார்."

ஹோல்ம் நார்வேக்காரர். அப்பாவின் மீன் தொழிற்சாலையை விற்று, ஆற்றுக்குக் கிழக்கே இருந்த காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர். அப்போது அங்கே யானை என்று இருந்தது எலும்பு மட்டும்தான். இப்போது குட்டிகளோடு திரிகின்றன. குத்தகைக் காகிதம் நகர்ந்த ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கை நீண்டது. இவர் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார். அதுதான் அவர் செய்த குற்றம்.

காட்டுக் காவலர்களிடம் மொழி கற்றவர் என்பதால் அவர் பிரார்த்தனை செய்தாலும் வசைபோலத்தான் கேட்கும். இன்று அவருடைய வசைகூடப் பிரார்த்தனைபோல இருந்தது.

"என் தலைமைக் காவலன் லுஃபேயோவைப் புடிச்சுட்டாங்க. எங்க சமையல்கட்டுச் சாம்பல் மேட்டுக்கு அடியில ரெண்டு தந்தம் இருந்துச்சாம். தோண்டி எடுத்தது வனவிலங்குத் துறைக் காப்பாளர் ம்வாலே. நான் சொல்லி லுஃபேயோ சுட்டானாம். இன்னைக்கு மதியம் இந்த மண்ணோட தலைவியம்மா வீட்டு முற்றத்துல வெச்சு என் குத்தகையை ரத்து பண்ணப் போறாங்க. தலைநகர்லேர்ந்து துறை ஆணையர் அம்மாவும் வந்துட்டாங்க."

"உங்களுக்கு என்ன வழி விட்டிருக்கார் ம்வாலே?"

"குத்தத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா, சாயங்கால விமானத்துல நான் ஊருக்குப் போகலாம். லுஃபேயோவை விட்டுடுவார். இல்லேன்னா அவனுக்குப் பெரிய ஜெயில். நேத்து அவனோட அண்ணன் பாத்துட்டு வந்தான். ஒரு கண்ணு தொறக்கலையாம், உக்கார முடியலையாம்." ஹோல்ம் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கையெழுத்துப் போடத்தான் போறேன் ஐயா. அதுக்கு முன்னால, நான் அதைப் பண்ணலைன்னு ஒரே ஒரு ஆளாவது நம்பணும். அதுக்குத்தான் வந்தேன்."

முசோண்டா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். ஷாவா விரலில் ஒட்டிய தேனை நக்கிவிட்டு, "படம் ஏதாவது இருக்கா?" என்றார்.

ஹோல்ம் போனை நீட்டினார். பத்திரிகைக்காரர்களுக்காக ம்வாலே நடுவில் நிற்க, இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு தந்தத்தை வளைவுபோலப் பிடிக்கப் பார்த்திருந்தார்கள். ஒன்று ஒழுங்காக வளைந்து ம்வாலே தலைமேல் வந்தது. மற்றது முறுக்கிக்கொண்டு அவர் வயிற்றைக் குத்தியது.

"ஒரே யானையோடதுன்னா சொன்னார்?"

"ஒரே பெரிய ஆண் யானை. எல்லார் முன்னாலயும் சொன்னார்."

ஷாவா அடுத்த படத்தைப் பெரிதாக்கினார். தந்தத்தின் அடியில் கோடாலி வெட்டு. அதன் நடுவே மயிரிழைபோல ஒரு மேடு.

"முசோண்டா, அறுவடைக்கு முன்னால சோளக்கொல்லையை அழிச்ச யானைங்களைத் துறை ஆளுங்க சுட்டாங்களே. நீ கறி தின்னியா?"

"ரெண்டு யானையிலயும் தின்னேன். ஊர் விட்ட ஏப்பத்துல மழைமேகம் கலைஞ்சு போச்சுன்னு இன்னும் பேசிக்கறாங்க."

"தலைவியம்மாவுக்கு மரியாதை?"

"பண்ணாம இருப்பாங்களா? ம்வாலேயே தொப்பியைக் கழட்டி மண்டி போட்டுக் கொடுத்தார்."

"வண்டி எடு," என்றார் ஷாவா.

தலைவி நியாகலேயின் முற்றத்தில் அத்திமரத்தடியில் கூட்டம் நிறைந்திருந்தது. மேஜைமேல் இரண்டு தந்தங்கள், ஒரு காகிதம். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஆணையர் அம்மாள். பக்கத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாத ம்வாலே. தலைவி தன் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். நாற்காலியின் இரு பக்கமும் மண்ணில் நட்ட தந்தங்கள்.

"மாமா," என்று முசோண்டா கிசுகிசுத்தாள், "நாற்காலித் தந்தம் ரெண்டும் ஒரே மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது பாரு. கல்யாணத்துல கோவிச்சுக்கிட்ட சம்பந்திங்க மாதிரி."

"குரங்கு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்போல இருக்கே."

அதற்குள் ஹோல்ம் மேஜைக்குப் போய்விட்டார். யாரையும் பார்க்காமல் பேனாவின் மூடியைக் கழற்றினார். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஷாவா பேசாமல் இருந்தால் லுஃபேயோ இன்று வெளியே வருவான். பேசித் தோற்றால் வரவே மாட்டான். முசோண்டாவுக்கு எது சரி என்றே தெரியவில்லை.

ஷாவா தலைவியின் முன் மண்டியிட்டு, குழித்த கைகளைத் தட்டினார். "தாயே, ஒரு கேள்விக்கு உத்தரவு."

தலைவி தலையசைத்தாள். ஹோல்மின் பேனா அந்தரத்தில் நின்றது.

"உங்க மண்ணுல யானை விழுந்தா, மண்ணைத் தொட்ட தந்தம் யாருக்கு?"

"இது பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியும். மண்ணு யாருதோ அவங்களுக்கு. எனக்கு. மேல் தந்தம் அரசாங்கத்துக்கு."

"திருட்டு வேட்டைக்காரன் கொடுப்பானா?"

"அவன் ரெண்டையும் தூக்கிக்கிட்டு ஓடுவான். எனக்கு ஈக்கூட்டத்தை விட்டுட்டுப் போவான்."

ஷாவா எழுந்தார். "ம்வாலே ஐயா, அந்த ரெண்டு தந்தத்தையும் ஒரு வளைவு மாதிரி பிடிச்சுக் காட்டுங்க."

"இது என்ன கூத்து?" என்றார் ம்வாலே. ஆணையர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். ம்வாலே பிடித்தார், திருப்பினார், மாற்றினார். ஒன்று வளைந்தது, மற்றது வயிற்றைக் குத்தியது.

"தந்தத்துக்கு வளைவு மட்டும் இல்லை, முறுக்கும் உண்டு. இடதுக்கும் வலதுக்கும் முறுக்கு எதிரெதிர். இது ரெண்டுமே வலது. ரெண்டு வலது தந்தம் உள்ள யானையை நான் பாத்ததில்லை. எங்க தாத்தா பாத்திருக்கார், ஆனா அவர் குடிப்பார்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென அடக்கிக்கொண்டார்கள்.

"ஆக, ரெண்டு யானை. ரெண்டுலயும் ஒத்தைத் தந்தம்தான் இவங்க கைக்கு வந்திருக்கு. ஒன்னை எடுத்து ஒன்னை விட்டுட்டுப் போற திருடன் கிடையாது. ஒன்னு மட்டும் யார் கையில மிஞ்சும்? தலைவிக்குப் பங்கு கொடுத்துட்டு வந்தவன் கையில. பட்டப்பகல்ல, ஊரே பாக்க, உத்தரவோட சுட்டவன் கையில. ரெண்டு யானையும் இடப்பக்கமா சாஞ்சிருக்கு. அதனால மண்ணைத் தொட்ட இடது தந்தம் ரெண்டும் அதோ, நாற்காலி ஓரத்துல நிக்குது."

"யானை எங்கெல்லாமோ சாகுது," என்றார் ம்வாலே. குரலில் மடிப்பு விழுந்திருந்தது. "இதுதான் அதுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"பல்லு போன கோடாலி சொல்லும். பல்லு போன இடம் ஒவ்வொரு வெட்டுலயும் மேடா நிக்கும். முசோண்டா."

அவள் தலைவியைப் பார்த்தாள், தலைவி விரலசைத்தாள். முசோண்டா நாற்காலித் தந்தத்தைப் பிடுங்கி அடிமண்ணைத் துடைத்தாள். வெட்டின் நடுவே அதே மயிரிழை மேடு. இன்னொன்றிலும் அதே. ஆணையர் அம்மாள் எழுந்து வந்து நான்கு தந்தங்களிலும் நகத்தால் தடவிப் பார்த்தாள்.

தலைவி மெதுவாகச் சொன்னாள்: "இந்த ரெண்டையும் மண்டி போட்டு என்கிட்ட கொடுத்தவன் நீதான், ம்வாலே. மேல் தந்தம் தலைநகருக்குப் போயிட்டதா சொன்ன."

"வரலை," என்றாள் ஆணையர் அம்மாள்.

ம்வாலே மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒன்னு புரியலை மாமா," என்றாள் முசோண்டா. "திருடறவர் ரெண்டையும் திருடியிருக்கலாமே?"

"இவரும் இந்தப் பள்ளத்தாக்குக்காரர்தானே. அரசாங்கம் தூரத்துல இருக்கு, ஏமாத்தலாம். தலைவி பங்கை அமுக்கினா செத்த யானை கனவுல வந்து வாசல்ல நிக்கும்னு பயம். அந்த ஒரு இடத்துலதான் மனுஷன் நேர்மையா இருந்தார். அங்கேயே மாட்டிக்கிட்டார். ஒரு யானை மட்டும் வலப்பக்கமா சாஞ்சிருந்தா எனக்கும் ஒன்னும் தெரிஞ்சிருக்காது. தேன்பெட்டியைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

ஆணையர் அம்மாள் மேஜைமேலிருந்த காகிதத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். குத்தகை நிற்கும் என்றாள். ம்வாலேவை அவருடைய வண்டியிலேயே, ஆனால் பின்பக்கத்தில் ஏற்றினார்கள். ஹோல்ம் பேனாவை மூட மறந்து நின்றார். சட்டையில் மை பரவியது.

"இனிமே கை நீட்ட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"நீட்டுவாங்க," என்றார் ஷாவா. "இன்னைக்கு ஒரு மேஜைதான் காலி."

வெயில் சாய்வதற்குள் லுஃபேயோவைக் கொண்டுவந்தார்கள். இருவர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். முகத்தின் இடப்பாதி முழுக்க வீங்கி, அந்தக் கண்ணே தெரியவில்லை. ஹோல்ம் ஓடிப்போய் அவன் முன் நின்றார். தாங்கியிருந்த ஒருவரை விலக்கிவிட்டுத் தானே தோள் கொடுத்தார்.

வழியிலேயே யாரோ நடந்ததையெல்லாம் லுஃபேயோவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் ஒற்றைக் கண்ணால் முதலாளியைப் பார்த்தான், பிறகு நாற்காலியைப் பார்த்தான்.

"அடிச்சப்போ இடப்பக்கமாத்தான் விழுந்தேன்," என்றான், கிழிந்த உதட்டால். "இந்தப் பாதி தலைவியம்மாவோடது. அவங்களே மருந்து போடட்டும்."

தலைவி நியாகலே நாற்காலியை விட்டு எழுந்து, வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள்.